ஒன்லைன் கடையின் வாசல்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒன்லைன் வியாபாரம் பற்றிப் பேச ஒரு வைத்தியரை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் யோசிக்கலாம். எங்கள் பழைய மாணவிகள் பலர் வீட்டிலிருந்தபடியே பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் என்று விற்கிறார்கள். சிலர் தங்கள் விற்பனைப் பக்கத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, இதில் எழுதியிருப்பது சரியா?" என்று கேட்பார்கள். அப்படித்தான் நான் இந்த விடயத்துக்குள் வந்தேன்.

முகநூல் விளம்பரத்தையோ வட்ஸ்அப்பில் வந்த இணைப்பையோ தொட்டதும் திறக்கும் பக்கத்தை 'லேண்டிங் பேஜ்' என்கிறார்கள். அது கடை முழுவதையும் காட்டும் முகப்பு அல்ல. பனங்கட்டி விளம்பரத்தைப் பார்த்து வந்தவருக்கு அங்கே பனங்கட்டிதான் தெரிய வேண்டும். இருபது பொருளையும் பரப்பி வைத்தால், வந்தவர் தேடிக் களைத்துத் திரும்பிவிடுவார்.

வருகிறவர் மனத்தில் சில கேள்விகள் இருக்கும். என்ன நிறை? என்ன விலை? அனுப்பும் செலவு எவ்வளவு? எத்தனை நாளில் வரும்? உடைந்து வந்தால் யாரிடம் சொல்வது? இவற்றுக்கு மறுமொழி சொன்ன பிறகே 'வாங்குங்கள்' என்ற பொத்தானுக்கு அர்த்தம் உண்டு. அனுப்பும் செலவைக் கடைசிப் படியில் காட்டினால், பலர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். எங்களிடம் வாங்குவோரில் பலர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள அம்மாவுக்குப் பொருளை அனுப்பச் சொல்கிறவர்கள். ஆகவே காசு கட்டுபவரின் விபரத்துக்கும் பொருளைப் பெறுபவரின் முகவரிக்கும் தனித்தனி இடம் வையுங்கள்.

பக்கம் விரைவாகத் திறக்கவும் வேண்டும். முக்கியமான பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. கைத்தொலைபேசியில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றாமல், சிறிதாக்கி ஏற்றுங்கள். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். வெண்புரை உள்ள ஒரு அம்மாவால் அதை வாசிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணையத்தள நியமங்கள் சொல்கின்றன.

இனி, வைத்தியராக நான் சொல்ல வேண்டியது. "சலரோகக்காரரும் பயமின்றிச் சாப்பிடலாம்" என்று பனங்கட்டிப் பக்கங்களில் எழுதியிருப்பதைக் காண்கிறேன். பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனிதான். அதுவும் இரத்தத்தில் குளுக்கோசை உயர்த்தும். அந்த ஒரு வரி விற்பனையைக் கூட்டலாம். ஆனால் அதை நம்பி ஒருவர் தினமும் நாலு தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்தால், அதன் விளைவு கிளினிக்கில்தான் தெரியும். மணத்தை எழுதுங்கள், எந்த ஊரில் காய்ச்சியது என்று எழுதுங்கள், சீனி கலக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நோயைப் பற்றி எழுதாதீர்கள்.

"இன்னும் 10 நிமிடம்தான்" என்று ஓடும் பொய் மணிக்கூடும் இதே வகைதான். இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டார். அது ஒருமுறை விற்றுத் தரலாம். ஏமாந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். எங்கள் சிறு கடைகள் நிலைப்பது இரண்டாம் முறை வருகிறவர்களால்தான்.

வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கடையை அறியாத ஒருவரிடம் பக்கத்தை ஐந்து செக்கன் காட்டிவிட்டு, தொலைபேசியை வாங்கிக்கொள்ளுங்கள். என்ன விற்கிறார்கள், என்ன விலை, வாங்க எதைத் தொட வேண்டும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் மறுமொழி வந்தால் பக்கம் சரி. வராவிட்டால் விளம்பரத்துக்குச் செலவழிக்க முதல் பக்கத்தைத் திருத்துங்கள். வெளிநாட்டிலுள்ள அக்காமாரே, அந்த ஐந்து செக்கன் வாசகராக நீங்களும் உதவலாம். ஊரில் ஒரு தங்கை உழைத்துச் செய்த பொருள் விலைபோக அது போதும்.