எழுதப் பழகுவோம்



பேசுவதில் நம்மவர்க்குக் குறைவில்லை. தெருமுனையில் நாம் எடுத்துரைக்கும் நியாயங்களைத் தாளில் வடித்தால் அவை நல்ல கட்டுரைகளாகும். ஆயினும் பேனாவைக் கையில் கொடுத்தால் தயங்குகின்றோம். பேச்சு காற்றோடு போய்விடும்; எழுத்துக்குத்தான் அலுவலகம் பதில் சொல்லும். வீட்டுமனைப் பட்டா வேண்டினும், கல்வி உதவித்தொகை வாராதிருப்பினும், சுடுகாட்டுக்குப் பாதை இல்லையெனினும், நம் கோரிக்கை எழுத்தில் இருந்தாக வேண்டும். பிறர் எழுதிய தாளில், அதில் உள்ளது இன்னதென்று அறியாமலே நம் முன்னோர் கைநாட்டு வைத்த காலம் உண்டு. அதனால் நிலம் இழந்த குடும்பங்களும் உண்டு.

இதனை நம் தலைவர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே இதழின் பெயராக்கி ஏழாண்டுகள் நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. 1914-இல் மறையும்வரை அவர் அதனை நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் 'மூக்நாயக்'. ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். இதழ் நடத்துபவர் மனம் வந்தபோது மட்டும் எழுத இயலாது. குறித்த நாளில் இதழ் வெளிவர வேண்டும். அந்த ஒழுங்கை நாமும் மேற்கொள்வோமாக.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்குவோம். நாளிதழில் ஒரு செய்தியைப் படித்து, தாளை மூடிவிட்டு, அதனை ஐந்து வரிகளில் எழுதுவோம். மறுநாள் அதையே உரக்கப் படிப்போம். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குவோம். வாரம் ஒரு மனு எழுதிப் பழகுவோம்.

"எங்கள் தெருவில் வெகுநாளாகத் தண்ணீர் இல்லை, கருணை காட்ட வேண்டும்" என்று எழுதுவது ஒருவகை. "எங்கள் தெருவில் 42 வீடுகள் உள்ளன. இம்மாதம் 3-ஆம் நாள் முதல் குழாயில் தண்ணீர் வரவில்லை. 10-ஆம் நாள் ஊராட்சி அலுவலகத்தில் முறையிட்டோம், நடவடிக்கை இல்லை" என்று எழுதுவது மற்றொரு வகை. முன்னது இரக்கத்தை வேண்டுகிறது. பின்னது உரிமையைக் கேட்கிறது. நாளும் எண்ணும் உள்ள மனுவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்ட தகவலைப் பொதுவாக 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது. ஆனால் கேள்வி தெளிவாக இருந்தால்தான் அச்சட்டம் நமக்கு முழுமையாகப் பயன்படும்.

இளைஞர்களே! ஞாயிறுதோறும் சங்கத்தில் கூடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்துங்கள். பிழை கண்டு நகைக்க வேண்டாம். எழுதாதவர்க்கே பிழை நேராது. முதற்பணியாக, நம் தெருவின் முதியோரிடம் சென்று, இச்சங்கம் எழுந்த வரலாற்றையும், நம் குடும்பங்களில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர்கள் பட்ட பாட்டையும் கேட்டு எழுதுங்கள். அவர்களோடு அவ்வரலாறும் மறைந்துபோக நாம் இடந்தரலாகாது. நம் வரலாற்றை நாமே எழுதுவோம்; இன்றே தொடங்குவோம்.