அம்மன் விரதம் 28 நாள், நம் விரதம்?



சாமிக்காக நாம் விரதம் இருப்போம். சமயபுரத்தில் மாரியம்மனே மக்கள் நல்லா இருக்கணும்னு விரதம் இருக்கிறாள். அதுதான் பச்சைப் பட்டினி விரதம். மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர்தான்.

“வீட்டுக்காகப் பட்டினி கிடக்கிறது அம்மன் காட்டின வழிதானே” என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஆனா அம்மன் விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கு. 28 நாள் ஆனதும் அவளுக்குப் படையல் வைத்தே ஆகணும். நாம? எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சம் இருந்தா சாப்பிடுறோம், வருஷம் முழுக்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை.

அம்மன் நமக்குள்ளேயும் இருக்கிறாள்னு நம்பினா, அவளைப் பட்டினி போடலாமா?

நான் கேட்பது ஒன்றுதான். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை கேட்கிறோம். அதோடு, “வயிறாரச் சாப்பிட்டியா? ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்த்தியா?” என்றும் கேட்போம். அதுவும் அம்மனுக்குச் செய்யும் பூசைதான்.