ஒரே கணினியில் இரண்டு குடித்தனம்

(பொதுமக்களுக்கான கணினி விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரை நாம் கொஞ்சம் மறந்துவிட்டோம். மின்கட்டணம், பட்டா நகல், வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் பல வீடுகளில் மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கு. தூக்கிப் போட மனசு வராது. ஏன்னா, அதில்தான் கடையின் பத்து வருஷக் கணக்கு இருக்கு. குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இருக்கு. அப்பா தட்டச்சு செய்து வைத்த பத்திர வரைவுகள் இருக்கு. புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய மென்பொருள் ஓடாது. பழைய கம்ப்யூட்டரோ என்றைக்கு நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாளாக இருந்தது. வீட்டுப் பயனாளர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்கிறது. நல்லா ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. புதுப்பிப்பு வராத கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் செய்வது, பூட்டு பழுதான கதவை வெறுமே சாத்தி வைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்துப் பயன்படுகிற ஒரு வழி இருக்கு. ஒரு இயங்குதளத்துக்குள்ளேயே இன்னொரு இயங்குதளத்தை ஓட்டுவது. இதை 'மெய்நிகர் கணினி' என்று எழுதுகிறோம். பேச்சு வழக்கில் விர்ச்சுவல் மெஷின்.

அப்படின்னா என்ன? உங்கள் வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுகிறீர்கள். அவர்களுக்குத் தனி வாசல், தனி சமையலறை. ஆனால் போர்வெல் ஒன்றுதான், மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான். கம்ப்யூட்டரிலும் அப்படியே. உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே முழு விண்டோஸ் ஓடுகிறது. உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் ஒரு தனிக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே எண்ணம். அது பார்க்கும் ஹார்டு டிஸ்க், உண்மையில் வெளியே இருக்கும் லினக்ஸில் ஒரு பெரிய கோப்பு. அது பயன்படுத்தும் ரேம், வீட்டுக்காரர் ஒதுக்கிக் கொடுத்த பங்கு.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அதிலும் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டும் இருந்ததே? இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம்தான் பாஸ். ஆனால் அது வேறு ஏற்பாடு. அங்கே இரண்டில் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் ஓட்ட முடியும். மற்றதுக்கு மாற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். ஒரே வீட்டில் காலையில் ஒரு குடும்பம், மாலையில் இன்னொரு குடும்பம். நான் சொல்வது இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் இருப்பது.

இது புது வித்தையும் இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு வி.எம்./370 என்று இதை வெளியிட்டது. சாதாரண மேசைக் கணினிக்கு 1999-ல் வி.எம்.வேர் கொண்டுவந்தது. 2005-க்குப் பிறகு இன்டெல், ஏ.எம்.டி. பிராசசர்களிலேயே இதற்கான வசதி வைத்துத் தர ஆரம்பித்தார்கள். நீங்கள் போனில் திறக்கும் எத்தனையோ இணைய சேவைகள் இன்று பெரிய தரவு மையங்களில் இப்படிப்பட்ட மெய்நிகர் கணினிகளில்தான் ஓடுகின்றன.

இப்போது வீட்டுக்கு வருவோம். முதலில் ரேம் எவ்வளவு என்று பாருங்க. 4 ஜிபி என்றால் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இரண்டு குடும்பத்துக்கும் தண்ணீர் பத்தாது, இரண்டும் தவிக்கும். 8 ஜிபி இருந்தால் உள்ளே வருபவருக்கு 2 முதல் 4 ஜிபி வரை கொடுக்கலாம். 16 இருந்தால் கவலையே இல்லை. ஹார்டு டிஸ்கில் குறைந்தது 50, 60 ஜிபி காலி இடம் வேணும். பழைய சுழலும் டிஸ்கைவிட எஸ்.எஸ்.டி. இருந்தால் வேகத்தில் நல்ல வித்தியாசம் தெரியும்.

அடுத்து, பிராசசரில் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சி.பி.யு.வைச் சொடுக்கினால், கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். 'எனேபிள்டு' என்று இருந்தால் சரி. 'டிசேபிள்டு' என்றால், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் போய் அதை மாற்ற வேண்டும். பொத்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்கே மற்ற எதிலும் கைவைக்காதீங்க.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024-லிருந்து இலவசமாகிவிட்டது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் ஹைப்பர்-வி கூடவே வருகிறது, ஹோம் பதிப்பில் வராது. முதல் தடவை செய்பவர்களுக்கு நான் விர்ச்சுவல்பாக்ஸையே சொல்வேன். ஒன்று மட்டும் கவனம்: தேடும்போது மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீங்க. தயாரித்தவர்களின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்க.

யாரை வீட்டுக்காரராக வைப்பது, யாரை வாடகைக்கு வைப்பது? பலர் இதில்தான் தலைகீழாகப் போகிறார்கள். இணையத்தோடு பேசுவது எதுவோ, பாதுகாப்புப் புதுப்பிப்பு எதற்கு வருகிறதோ, அதுதான் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை வெளியே போடலாம். பிரவுசர், பேங்க், அரசு இணையதளங்கள் எல்லாம் அதில். பழைய விண்டோஸ் உள்ளே, பழைய கணக்கு மென்பொருளுக்கு மட்டும். விர்ச்சுவல்பாக்ஸின் 'நெட்வொர்க்' அமைப்புக்குப் போய், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு நெட்வொர்க் அடாப்டர் டிக்கை எடுத்துவிடுங்க. அதோடு அதற்கு இணையமே கிடையாது. புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளத்தை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால், அதற்கு நல்ல ஏற்பாடு இதுதான். பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து லினக்ஸ் போடும் முன், அதில் உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்குக்கு எடுத்து, அங்கே திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்க. இதைத் தவறவிட்டால் நான் சொல்லும் மற்ற எதுவும் உதவாது.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். விண்டோஸ் அப்படி இல்லை. உள்ளே ஓடினாலும் அதற்கு உரிமம் தேவை. லேப்டாப் வாங்கும்போது கூடவே வந்த உரிமம் பொதுவாக அந்த லேப்டாப்போடு கட்டப்பட்டது, இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது. "கிராக்" போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்க. வைரஸ் அந்த வழியாகவும் வீட்டுக்குள் நுழைகிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு பயன் இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. தமிழக அரசு 2010 ஜூனில் யுனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தமிழுக்கான தரமாக அறிவித்தது. அதற்கு முன்பும், பழக்கத்தால் அதற்குப் பின்பும், வானவில், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். அந்தக் கோப்பை இன்று போனில் திறந்து பாருங்க. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குழம்பித் தெரியும். சங்கத்தின் பழைய தீர்மானங்கள், குடும்பப் பாகப்பிரிவினையின் வரைவு, ஊர்க் கோயில் வரவு செலவு எல்லாம் இப்படிக் கிடக்கின்றன. எழுத்து அழியவில்லை, படிக்கும் கண்ணாடிதான் காணாமல் போயிருக்கு. உள்ளே ஓடும் பழைய விண்டோஸில் அந்த எழுத்துருவையும் பழைய மென்பொருளையும் போட்டால், அன்றைக்கு இருந்தபடியே திரையில் வரும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதைப் பழைய கோப்போடு பக்கத்தில் வைத்து ஒரு முறை படித்துச் சரிபாருங்க. கொம்பும் காலும் இடம் மாறுவது சகஜம், சர்வே எண்ணும் தொகையும் உள்ள வரிகளில் இரட்டைக் கவனம் வேணும். மாற்றிய பிறகு அது உங்கள் போனிலும் திறக்கும், பேரப்பிள்ளை போனிலும் திறக்கும்.

உள்ளே இருப்பதை எப்படி வெளியே கொண்டுவருவது, இணையத்தைத்தான் துண்டித்துவிட்டோமே என்று கேட்கலாம். 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை மென்பொருளை உள்ளே நிறுவினால் 'பகிரப்பட்ட ஃபோல்டர்' வசதி வரும். அதற்கு இணையம் தேவையில்லை. ஆனால் உங்கள் முக்கிய ஃபோல்டர் முழுவதையும் அப்படிப் பகிராதீங்க. உள்ளே ஒரு ரான்சம்வேர் புகுந்தால், பகிர்ந்த ஃபோல்டரில் உள்ளதையும் அது பூட்டிவிடும். கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஒரு காலி ஃபோல்டர், வேலை முடிந்ததும் துண்டிப்பு. அது போதும்.

'ஸ்னாப்ஷாட்' என்று ஒரு வசதி இருக்கு. எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், பிறகு ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். அருமையான வசதி. ஆனால் இது பேக்கப் ஆகாது. ஹார்டு டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போய்விடும். மெய்நிகர் கணினியை முழுதாக அணைத்துவிட்டு, அதன் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் நகல் எடுத்து வைத்தால்தான் பேக்கப்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். "உள்ளே ஓடும் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் ஆபத்தில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். கோப்பில் இருக்கும் வைரஸுக்கு அது பெரும்பாலும் ஒரு சுவர்தான். மோசடி ஆளுக்குச் சுவரே இல்லை. போலி பேங்க் பக்கத்தில் நீங்கள் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் அடித்தால், உள்ளே இருந்து அடித்தாலும் பணம் வெளியே போவது நிஜக் கணக்கிலிருந்துதான். யாரோ போன் செய்து ஸ்கிரீனைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னாலும் இதே கதை. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்க. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கி நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

சில வேலைகளுக்கு இது ஒத்துவராது. சில ஆன்லைன் தேர்வு மென்பொருள்கள் மெய்நிகர் கணினியைக் கண்டுபிடித்து ஓட மறுக்கும். தேர்வு நாளன்று அதில் பரிசோதனை வேண்டாம். கிராஃபிக்ஸ் அதிகமுள்ள கேம்கள் தடுமாறும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, பழைய ஸ்கேனர் போன்றவற்றை யு.எஸ்.பி. அமைப்பில் உள்ளே இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கலாம். சிலது உடனே ஓடும், சிலது அடம் பிடிக்கும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முயற்சி செய்து பாருங்க.

"சார், இதெல்லாம் போனிலேயே முடியாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். முடியத் தொடங்கியிருக்கு. 2025 மார்ச்சில் கூகுளின் பிக்சல் போன்களுக்கு வந்த புதுப்பிப்பில், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் லினக்ஸ் டெர்மினல் என்று ஒரு வசதி சேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகுகிற மாணவர்களுக்கு அது போதும். கடைக் கணக்கையும் வானவில் கோப்பையும் மீட்க, மேசை மேல் துணி போர்த்தியிருக்கும் அந்தப் பெட்டிதான் இன்னும் வசதி.