செக்கும் சந்தையும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

  

சிறு குடும்பத் தொழில்களைப் புதுக்குவது பற்றியும், அவற்றுக்குப் புதிய சந்தைகளைத் தேடுவது பற்றியும் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பொருள் பெரிது, எனக்களித்த நேரமோ சிறிது. ஆதலால் எல்லாத் தொழிலையும் தொடாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது நல்லெண்ணெய் ஆட்டும் செக்குத் தொழில்.

சைவ மக்களாகிய நமக்கு இத்தொழில் அந்நியமானதன்று. அறுபத்துமூவருள் ஒருவராகிய கலிய நாயனார் திருவொற்றியூரிலே செக்குத் தொழில் செய்தவர். செல்வமெல்லாம் போன பின்னரும், கூலிக்குச் செக்காட்டியாவது கோயில் விளக்கு அணையாமற் காத்தவர். அவருடைய பக்தியின் பெருமையை எடுத்துரைக்க வல்ல பெரியோர் இங்கே பலர் உளர். நான் அவரிடத்திலே காண்பது இன்னுமொன்று. கையிலுள்ள தொழிலை அவர் இழிவாக எண்ணவில்லை, அத்தொழிலையே தொண்டாக்கினார்.

இன்று நம் ஊர்ச் செக்கு வீடுகளின் நிலை யாது? மாடு சுற்றிய இடத்திலே மின்மோட்டார் சுற்றுகிறது. மற்றவையெல்லாம் பாட்டன் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. செக்கு வீட்டுப் பிள்ளை படித்துவிட்டால் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறான். தகப்பனாருக்கு முதுமை வந்ததும் செக்கு நின்றுவிடுகிறது. எண்ணெய்க்கு ஆளில்லாமல் நின்றதென்று சொல்ல முடியுமா? முடியாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் திரும்பும்போது எதைக் கேட்கின்றனர்? மிளகாய்த் தூளும் ஊர் நல்லெண்ணெயுந்தான். பழைய போத்தலில் ஊற்றி, பத்திரிகைத் தாளிற் சுற்றி, சேலைகளின் நடுவே வைத்துக் கட்டுகிறோம். அது பெட்டிக்குள் ஒழுகிப் போனாலும் அடுத்த முறையும் கேட்கிறார்கள். சந்தை நம் வாசலுக்கு வந்து கையேந்தி நிற்கிறது; நாமோ அதைப் பயணப் பொதியாகவே காண்கிறோம்.

ஊர்ச் செக்குக்காரர் எண்ணெய் விற்கும் முறையைச் சற்றே சிந்தியுங்கள். வாங்குபவர் அவரை அறிவார். அவருடைய தகப்பனாரையும் அறிவார். எண்ணெயை உள்ளங்கையிலே தேய்த்து மணந்து பார்ப்பார். பழுதிருந்தால் மறுநாட் காலையிலே படலையில் வந்து நிற்பார். அங்கே முகமே முத்திரை. ஆனால் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர் அந்த முகத்தைக் காணார். அவருக்கு அந்த முகத்தின் இடத்திலே எதை வைப்பது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி. புது இயந்திரம் வாங்குவதே தொழிலைப் புதுக்குவதென்று பலர் எண்ணுகின்றனர். நான் அப்படி எண்ணவில்லை. முகத்தாலும் வாய்ச்சொல்லாலும் காத்த நாணயத்தை அளவாலும் எழுத்தாலும் காக்கக் கற்பதே தொழிலைப் புதுக்குதல். இயந்திரம் அதன் பின்னரே வரவேண்டும்.

முதலாவது அளவு. எள்ளின் நிறையிலே ஏறக்குறைய அரைப்பங்கு எண்ணெய். செக்கு அதன் ஒரு பகுதியைப் பிண்ணாக்கிலேயே விட்டுவிடும். எவ்வளவு விடுகிறதென்பதைப் பெரும்பாலான செக்கு வீடுகள் அறியா. ஏனெனில் நிறுத்து எழுதுவதில்லை. உதாரணமாக, 100 கிலோ எள்ளுக்கு ஒரு நாள் 38 கிலோ எண்ணெயும் மற்றொரு நாள் 35 கிலோவும் வருகின்றன என்று கொள்வோம். அந்த 3 கிலோ எங்கே போயிற்று? எள் ஈரமாயிருந்ததா, மண் கலந்திருந்ததா, உலக்கை தேய்ந்துவிட்டதா? மாதத்தில் இருபது முறை அவ்வாறு நேர்ந்தால் 60 கிலோ எண்ணெய் பிண்ணாக்கோடு போய்விடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு தராசும் ஒரு கொப்பியுமே. கடன் வேண்டியதில்லை.

இரண்டாவது காப்பு. எண்ணெய்க்குப் பகை நான்கு: நீர், ஒளி, வெப்பம், காற்று. நல்லெண்ணெய் இயல்பாகவே எளிதிற் கெடாதது. ஆயினும் கசடு அடியிலே தங்கினாலும், சரியாகக் காயாத போத்தலில் ஊற்றினாலும் காறல் விரைவில் வரும். ஆகவே நன்றாகத் தெளியவிட்டு வடித்தல், புதிய உலர்ந்த போத்தலிலோ தகரத்திலோ அடைத்தல், ஒளி படாத இடத்தில் வைத்தல் ஆகியன வேண்டும். ஒவ்வொரு போத்தலிலும் ஆட்டிய திகதியையும் தொகுதி இலக்கத்தையும் எழுதவேண்டும். ஒருவர் குறை சொன்னால், அது எந்த நாளில் ஆட்டிய எண்ணெய், யாரிடம் வாங்கிய எள் என்று கொப்பியைப் பார்த்துச் சொல்ல இயலவேண்டும். ஊரில் வாசலுக்கு வந்து நின்ற மனிதருக்குச் செக்குக்காரர் சொன்ன பதிலை, தூரத்தில் உள்ளவருக்கு அந்த இலக்கம் சொல்லும்.

மூன்றாவது கணக்கு. நம் குடும்பத் தொழில்களின் பெருங்குறை, கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பெட்டியில் கிடப்பதாகும். கலியாணச் செலவும் எள் வாங்கும் முதலும் ஒன்றாய்க் கலந்துவிட்டால், தொழிலில் இலாபமா நட்டமா என்பது எவருக்கும் தெரியாது. செக்கிலே நிற்கும் மகனுக்கும், கணக்கெழுதும் மகளுக்கும் சம்பளம் என்று ஒன்றைக் குறித்துக் கொடுக்கவேண்டும். அது தகப்பனாரின் அன்புக்குக் குறையன்று. பிள்ளை தொழிலிலே நிலைக்க அதுவே வழி.

இனிச் சந்தையைப் பார்ப்போம். தூரத்தை நோக்கிப் பாயுமுன் அருகே இருப்பதை அறியவேண்டும். வெள்ளவத்தையிலே நம்மவர் கடைகள் உண்டு, அது முதற்படி. அதற்கப்பால் தெற்கு முழுவதும் கிடக்கிறது. சிங்களச் சகோதரர் நல்லெண்ணெயைத் தல தெல் என்பர். அவர்களுடைய வைத்திய முறையிலே அதற்குப் பெரிய இடமுண்டு. எள்ளுருண்டைக்கு இணையான தலகுளி அவர்களுடைய பிரியமான பண்டம். நாம் ஆட்டுவதை அவர்கள் வேண்டுகிறார்கள். ஆனால் போத்தலின் மேல் அவர்களுடைய மொழியில் ஓரெழுத்தும் இல்லை. இந்நாட்டிற் பொருள் விற்பவர் மூன்று மொழியிலும் தம் பொருளுக்குப் பெயரிடுதல் மரியாதையுமாகும், வியாபார புத்தியுமாகும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அந்நாட்டுச் சட்டத்தைப் படிக்கவேண்டும். எள் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஐக்கிய அமெரிக்காவிலே 2021 இல் இயற்றிய சட்டப்படி, 2023 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் எள்ளையும் ஒவ்வாமைப் பொருளாகச் சிட்டையிலே குறிப்பிடுதல் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் அத்தகைய விதி உண்டு. தமிழருக்கு விற்கும் எண்ணெய்தானே, அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பது பயனில்லை. துறைமுகத்திலே சிட்டையைப் பார்ப்பவர் தமிழரல்லர். ஏற்றுமதி பற்றி அறிவுரை பெற 1979 இல் தொடங்கிய ஏற்றுமதி அபிவிருத்திச் சபை இருக்கிறது. தர நிர்ணயத்துக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் இருக்கிறது. அந்தப் படிகளை ஏறுவதற்கு நம் முதியோர் கூசுகின்றனர். படிவம் நிரப்பத் தெரிந்த நாமோ வீட்டிலே இருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒரே சந்தையில் முழு நம்பிக்கையையும் வைத்தல் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணப் புகையிலை பெருந்தொகையாகத் திருவிதாங்கூருக்குச் சென்றது. அச்சந்தை பின்னர் சுருங்கியபோது நம் கமக்காரர் பெரிதும் இடர்ப்பட்டனர். அவர்களைத் தாங்கியது தென்னிலங்கை. அங்கே பட்டினந்தோறும் நம்மவர் சுருட்டுக் கடை வைத்தனர். 1970 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் இங்கே பொன்னாய் விளைந்தன. 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபின் அந்த விலை நிற்கவில்லை. ஏ 9 வீதி மூடுண்டும், 2002 இல் திறந்தும், 2006 இல் மீண்டும் மூடுண்டும், 2009 இன் பின்னரே நிலையாகத் திறந்ததை நம் பெற்றோர் அறிவர். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 இலேதான் யாழ்ப்பாணம் திரும்பியது. சந்தையும் பாதையும் நம் கையில் இல்லை. ஆகவே ஊர், தெற்கு, வெளிநாடு என மூன்று காலில் நிற்கும் தொழிலே விழாது. அவற்றுள்ளும் ஊர்க் காலை வெட்டிவிடலாகாது. கோயிலுக்கும் அயலாருக்கும் எண்ணெய் இல்லையென்று சொல்லிவிட்டுக் கப்பலேற்றும் செக்கு, ஒரு நாள் கப்பல் வராதபோது யாரிடம் போகும்?

“அளவு பெருத்தாற் குணம் கெடும்” என்று பெரியோர் சொல்லக்கூடும். அந்தப் பயம் நியாயமானது. அதற்காகவே நிறுத்து எழுதச் சொல்கிறேன். வித்தியாசம் வந்த அன்றே அது கொப்பியிலே தெரியும். “கடன்பட்டுத் தொழிலைப் பெருப்பிக்கலாமா?” என்றும் கேட்பர். 2022 ஆம் ஆண்டிலே வட்டியும் மின்வெட்டும் ஒருங்கே வந்தபோது நாம் கற்ற பாடம் மறக்கத்தக்கதன்று. முதலில் கணக்கு, பின்பு வாடிக்கை, அதன் பின்பே இயந்திரம். இந்த வரிசை மாறினால் இயந்திரம் வங்கிக்கே உழைக்கும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எள்ளைக் கையில் அள்ளியவுடனே அதன் ஈரத்தை அறிகிறீர்கள். செக்கின் ஓசை மாறியதும் எண்ணெய் கட்டுவதை அறிகிறீர்கள். அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் எங்களுக்குக் கிடையாது. அதை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். கணக்குக் கொப்பியையும் எங்கள் கையிலே தாருங்கள். பிழை கண்டால் திருத்துங்கள்.

வாலிபர்களே, நாம் கற்ற கல்வி நம்மைச் செக்கு வீட்டிலிருந்து வெளியேற்றுவதற்கு மட்டுந்தானா? எல்லாரும் இங்கேயே இருக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை; போகிறவர் போகட்டும். ஆனால் போகுமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொழிலுக்கு ஓராண்டுக் கணக்காவது எழுதி வைத்துவிட்டுப் போகலாமே. அந்த ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபின் சிலர் போகாமலும் இருக்கலாம்.