பேர்ல 'ஓல்டு'ன்னு இருந்தா அழிச்சிடலாமா?

இன்னைக்கு நான் சொதப்பின கதை.

அப்போ எங்க ஆபீஸ்ல வேலை முடிஞ்சுபோன விர்ச்சுவல் மெஷின்கள் நிறைய சேர்ந்திருந்தன. ஸ்டோரேஜ் நிரம்பிக்கிட்டே வந்தது. பவர்சிஎல்ஐ-யில ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: பேர் 'ஓல்டு'ன்னு ஆரம்பிக்கணும், ஆஃப்ல இருக்கணும், இருந்தா ரிமூவ்-விஎம். 'நிஜமாவா?'ன்னு அது கேட்கிற கேள்வியையும் ஆஃப் பண்ணிட்டேன்.

ஓடிச்சு. லிஸ்ட் காலி. ஆனா ஸ்டோரேஜ்ல ஒரு ஜிபிகூட விடுபடல. ஒரே எரிச்சல். மறுநாள் காலையில அக்கவுண்ட்ஸ் அக்கா போன்: "தம்பி, பழைய கணக்கு பார்க்க மாசக் கடைசியில ஆன் பண்ணுவோமே, அந்த மெஷினைக் காணோமே?"

கை நடுங்கிடுச்சு. காப்பாத்தினது என் அரைகுறை அறிவுதான்! டெலிட்பெர்மனென்ட்லி-ன்னு சேர்க்கலைன்னா, ரிமூவ்-விஎம் மெஷினை இன்வென்டரியிலிருந்து மட்டும்தான் எடுக்கும். டிஸ்க் ஃபைல்கள் டேட்டாஸ்டோர்லயே கிடக்கும். விஎம்எக்ஸ் ஃபைலைத் தேடிப் பிடிச்சு மறுபடி ரிஜிஸ்டர் பண்ணேன். அக்காகிட்ட காரணம் சொல்லல. இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.

இப்போ என் ஸ்கிரிப்ட் முதல்ல வாட்இஃப் போட்டுத்தான் ஓடும். எதெல்லாம் போகும்னு காட்டும், எதையும் தொடாது. அந்த லிஸ்ட் எல்லா டீமுக்கும் போகும். அப்புறம் இன்வென்டரியிலிருந்து எடுத்துட்டு 45 நாள் காத்திருப்பேன். நடுவுல ஒரு மாசக் கடைசி வந்து போகணும் இல்லையா? யாரும் போன் பண்ணலைன்னாதான் ஃபோல்டரை அழிப்பேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆன் பண்ற மெஷின் ஏதாச்சும் இருக்கான்னு அக்காகிட்ட கேட்டேன். ரெண்டு இருந்தது.