பெயர் போடாமல் எழுதிய ஆசிரியர்



நம் கருத்தரங்குகள் பெரும்பாலும் எழுதியவர்களைப் பற்றித்தான் நடக்கின்றன. இந்த இரண்டு நாளும், பிறர் எழுதியதைப் படித்து, செம்மை செய்து, வாரந்தோறும் அச்சுக்கு அனுப்பிய ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறோம். 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழுக்கு 1969 முதல் 2004 ஜனவரியில் காலமாகும் வரை ஆசிரியராக இருந்த கிருஷ்ணராஜ்தான் அவர். அத்தனை ஆண்டுகளும் அந்த இதழின் தலையங்கங்களில் பெயர் கிடையாது. தன் பெயரில் அவர் எழுதியது மிகக் குறைவு. ஆனாலும் இந்தியாவில் வறுமை பற்றியும் நிலம் பற்றியும் சாதி பற்றியும் நடந்த பெரிய வாதங்கள் பலவும் அவர் மேசையைக் கடந்துதான் நம்மிடம் வந்தன.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் ஒற்றப்பாலத்தில் 1937இல் பிறந்தவர். டெல்லி பொருளாதாரப் பள்ளியில் படித்துவிட்டு 1960இல் பம்பாய்க்கு வந்து, சச்சின் சவுத்ரி நடத்திய 'எக்கனாமிக் வீக்லி'யில் சேர்ந்தார். 1949இல் தொடங்கிய அந்த இதழ், பணம் போட்டவர்களோடு ஏற்பட்ட பிணக்கால் 1965 முடிவில் நின்றுபோனது. சவுத்ரி தளரவில்லை. நண்பர்களிடம் நிதி திரட்டி, சமீக்ஷா அறக்கட்டளையின் பேரில், 1966 ஆகஸ்டில் புதிய பெயரோடு மறுபடி கொண்டுவந்தார். அந்த டிசம்பரிலேயே அவர் காலமானார். அடுத்து ஆசிரியரான பொருளாதார அறிஞர் ஆர்.கே. ஹஸாரி, ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராகப் போனார். முப்பது வயதைத் தாண்டியிருந்த கிருஷ்ணராஜின் கைக்குப் பொறுப்பு வந்தது. முதலாளி இல்லாத இதழ் அது. வருமானமும் சம்பளமும் குறைவு. ஆனால் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அதிகாரம் செய்ய உரிமையாளர் என்று யாரும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் எப்படிச் செலவு செய்தார் என்பதுதான் நம் கருத்தரங்கின் பொருள்.

பழைய தொகுதிகளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். படம் இல்லை, கவர்ச்சி இல்லை. பொடி எழுத்தில் நெருக்கமான பத்திகள், நடுநடுவே அட்டவணைகள். 1971 ஜனவரி இதழ்களில் பொருளாதார அறிஞர்கள் தண்டேகரும் ரத்தும் எழுதிய 'இந்தியாவில் வறுமை' என்ற நீண்ட ஆய்வு வந்தது. ஒரு புத்தகமாகவே ஆகத்தக்க எழுத்தை ஒரு வார இதழ் தாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், பஞ்சாப் பெருவிவசாயிகளைப் பற்றி அசோக் ருத்ரா நடத்திய கள ஆய்வில் ஒரு சச்சரவு தொடங்கியது. இந்திய வேளாண்மையில் முதலாளித்துவம் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி; ருத்ராவின் முடிவுக்கு உத்சா பட்நாயக் மறுப்பு எழுதினார். அமித் பாதுரி, பரேஷ் சட்டோபாத்யாய், ஜைரஸ் பனாஜி, ஹம்ஸா அலவி என்று ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பத்தாண்டு கழித்து 1982இல் ஆலிஸ் தார்னர் அதைத் தொகுத்து எழுத மூன்று பகுதிகள் தேவைப்பட்டன. ஒரு சச்சரவை அத்தனை காலம் வளரவிட ஆசிரியருக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். யார் பக்கம் வெற்றி என்று அந்த இதழ் தீர்ப்புச் சொல்லவில்லை. இதை நான் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

ஆனால் நான் நின்று பேச விரும்பும் பக்கம் வேறு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலி விவசாயிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம், அதற்காகக் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் வந்த வாதங்களில் ஒன்று. அந்த ஆண்டு மே 26 தேதியிட்ட இதழில், அந்தத் தீர்ப்பைப் பற்றி மைதிலி சிவராமன் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 'கனவான் கொலையாளிகள்' என்று தலைப்பிலேயே நேரடியாகச் சொன்ன கட்டுரை. மைதிலி அப்போது பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; தொழிலாளர் இயக்கத்தில் இறங்கி வேலை செய்தவர். கூலி விவரமும் கொடி ஏற்றிய தகராறும் சேரிப் பெண்களின் வாக்குமூலமும் அவருக்கு நேரில் தெரியும். நேரில் தெரிந்தவர் எழுதியதை, உயர் நீதிமன்றத் தீர்ப்பை நேருக்கு நேர் எதிர்க்கிறது என்று தெரிந்தே, ஒரு பொருளாதார இதழ் வெளியிட்டது. இப்படிப்பட்ட எழுத்துக்கும் புள்ளியியல் அட்டவணைக்கும் ஒரே அட்டைக்குள் இடம் கொடுத்ததுதான் கிருஷ்ணராஜின் அரசியல் என்று நான் கருதுகிறேன். இடதுசாரிக் கட்சி இதழ் எதுவும் இதைச் செய்திருக்க முடியாது. பல்கலைக்கழக ஆய்விதழும் செய்திருக்காது.

வாரங்கலில் கணிதம் கற்பித்த கே. பாலகோபால், ஆந்திரத்தின் போலி மோதல் கொலைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதியதும் இந்த இதழில்தான். எம்.ஜி.ஆர். என்னும் நிகழ்வைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1989இல் எழுதிய கட்டுரையும், காலனிய காலத் தமிழகத்தின் தலித், பிராமணரல்லாதார் உணர்வைப் பற்றி வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும் 1993இல் எழுதியதும் அங்கேதான் வந்தன. திராவிட இயக்கத்தை அகில இந்திய ஆய்வுலகம் பொருட்படுத்திப் படிக்கத் தொடங்கியதில் இந்தப் பக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. வெண்மணியில் உயிர் தப்பியவர்கள் தங்களைப் பற்றிய அந்தக் கட்டுரையைப் படிக்க வழியில்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். அதையும் அந்த இதழ் மூடி மறைக்கவில்லை. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு மேல்சாதியின் சொத்தாகவும், தகவல் சேகரிப்பு மற்றவர்களின் வேலையாகவும் இருக்கிறது என்று கோபால் குரு எழுதிய கடுமையான விமர்சனம், 2002 டிசம்பரில் இதே இதழில்தான் வந்தது. தன் எழுத்தாளர் பட்டியலையே குற்றம் சாட்டிய கட்டுரையைக் கிருஷ்ணராஜ் தன் காலத்திலேயே அச்சிட்டார்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. 2010க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் மதிப்பெண் முறை வந்து, ஒரு கட்டுரைக்கு எத்தனை புள்ளி என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அதுதான் வழி என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில் மைதிலி சிவராமனுக்கும் பாலகோபாலுக்கும் என்ன புள்ளி கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். களத்தில் வேலை செய்பவரை அறிவுத்துறையின் வாசலுக்கு வெளியே நிறுத்தும் முறை இது. அவரை உள்ளே அழைத்துவரும் வேலையை இனி யார் செய்வது என்று இந்த அமர்வுகளில் வெளிப்படையாக வாதிடுங்கள். 

அமைப்பாளர்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். கிருஷ்ணராஜ் காலத்து இதழ்களில் தமிழகத்தைப் பற்றி வந்த கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, நல்ல தமிழில் ஒரு தொகுதியாகக் கொண்டுவர வேண்டும். முதல் கட்டுரை வெண்மணி பற்றியதாக இருக்கட்டும். எவை சேரவேண்டும், யார் மொழிபெயர்ப்பது என்பதை நாளை மாலை நிறைவு அமர்விலேயே பேசி முடிவு செய்துவிடலாம். இப்போது முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.