லயத்து வாசலில் டயந்தஸ்



டவுனில் காசு கொடுத்து வாங்கின டயந்தஸ் கன்று பட்டுப்போனால் “கைராசி இல்லை” என்கிறோம். அநேகமாகக் காரணம் மண்தான். தேயிலைக்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரை பி.எச். உள்ள புளிப்பு மண். டயந்தசுக்கோ அவ்வளவு புளிப்பு ஆகாது. ஆகவே நடுவதற்குச் சில கிழமைகள் முன்பே டொலமைட் கலந்து வைப்போம். அது இல்லாவிட்டால் கொஞ்சம் அடுப்புச் சாம்பல்.

கார்னேஷனும் இதே இனம்தான். ஆனால் உயரமாக வளரும், குச்சி கட்ட வேண்டும், நம்ம மழைக்குச் சாய்ந்துவிடும். லயத்து வாசலுக்குக் குட்டை டயந்தசே போதும் என்பது நமது அபிப்பிராயம். பூத்துக் குலுங்கும் கன்றை விட்டு, மொட்டுக் கன்றாகப் பார்த்து எடுப்போம். ஹட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து மழை அதிகம். வேர் அழுகாமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். வாடின பூவைக் கிள்ளினால் மறுபடி பூக்கும். கிள்ளுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே! நுவரெலியாவின் தை மாத உறைபனியையும் இந்தச் செடி தாங்கும்.